பத்துக்கு எத்தனை?

கார் ஷோரூமின் காத்திருப்புக் கூடத்தில், காப்பி மெஷினுக்கு மேலே, சுவரில் அவளுடைய படம் மாட்டியிருந்தது. சின்னப் படம் இல்லை, நல்ல கதவு அகலத்துக்குப் படம். புதுக் காரின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, ஒரு கை ஸ்டியரிங்கிலும் இன்னொரு கை அதற்குக் கீழே இருந்த இரும்புக் கைப்பிடியிலுமாகப் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். அடியில் கொட்டை எழுத்தில் 'எங்கள் வாடிக்கையாளர், எங்கள் பெருமை' என்று போட்டிருந்தார்கள். அந்தப் பெருமை காலையிலிருந்து அதே படத்துக்குக் கீழே சக்கர நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தது. ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. கூடத்தைத் துடைக்க வந்த அம்மா மட்டும் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உங்க தங்கச்சியா?" என்று கேட்டார்.

"நான்தாம்மா. அப்போ கொஞ்சம் ஒல்லி."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அன்றைக்கு அவள் சிரித்தது அதோடு சரி.

அவள் வேலை பார்ப்பது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் டெலிபோன் அறையில். ஆஸ்பத்திரிக்குள் எந்தப் போனில் ஜீரோவை அழுத்தினாலும் அவள் குரல்தான் வரும். அதனால் பெரிய டாக்டரிலிருந்து வாட்ச்மேன் வரைக்கும் அவளுக்கு ஜீரோ அக்கா என்றே பெயர். ஜன்னல் இல்லாத அறை. ஒரு மேஜை, விளக்குகள் மினுக்கும் ஒரு போர்டு, காதில் மாட்டிக்கொள்ளும் கருவி, சுவரோரம் யாரோ கொண்டுவந்து வைத்து மறந்துபோன ஒரு எடை பார்க்கும் மெஷின். வேலைக்குச் சேர்ந்த அன்றே அங்கே சொல்லிக் கொடுக்கும் முதல் விதி, வெளியே இருந்து பேசுகிறவர் வைப்பதற்கு முன்னால் நாம் போனை வைக்கக் கூடாது என்பது. இரண்டாவது விதி என்று எதுவும் கிடையாது, ஆனால் அவளாக ஒன்று வைத்திருந்தாள். அழுதுகொண்டே அப்பா எந்த வார்டில் இருக்கிறார் என்று கேட்கிறவர்களிடம் "லைன்ல இருங்க, மாத்தி விடுறேன்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் ஒரு மனுஷக் குரல் கேட்கும்வரை அவளும் லைனில் இருப்பாள். மாற்றிவிட்டு மறந்துவிடுகிற ஜாதி இல்லை அவள்.

கைக்குழந்தையாக இருக்கும்போது வந்த காய்ச்சல் இரண்டு கால்களையும் கொண்டுபோய்விட்டது. பள்ளிக்கூடத்துக்கு அண்ணன்தான் தூக்கிக்கொண்டு போனான். பிறகு காலேஜுக்கு, பிறகு வேலைக்கு. அண்ணனுக்கு அச்சகத்தில் பேப்பர் கட்டுகளை இறக்கி ஏற்றும் வேலை. "ரெண்டு கட்டு வெயிட்டுகூட நீ தேற மாட்ட" என்பான். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அதுதான் தொல்லையே. முகம் சுளிக்கிறவனோடு சண்டை போட்டுக்கொண்டு போகலாம், பாசத்தோடு தூக்குகிறவனை என்ன செய்வது? அவனுக்கு நேரம் இருக்கும்போதுதான் அவளுக்குப் பாத்ரூம் வர வேண்டும். சினேகிதி வீட்டில் பேச்சு சூடுபிடிக்கிற நேரமாகப் பார்த்து அவன் வாசலில் வந்து நிற்பான். யாரிடமும் சொல்லாமல், யாரையும் எழுப்பாமல் வாசல்படி தாண்டிப் போவது என்றால் எப்படி இருக்கும் என்று அவள் நாற்பது வயது வரைக்கும் கற்பனைதான் பண்ணியிருந்தாள்.

பிறகு கார் வந்தது. கியர் தானாக மாறிக்கொள்ளும் கார். ஸ்டியரிங்குக்குக் கீழே அந்தக் கைப்பிடியைப் பொருத்திக் கொடுத்தவர் ஒரு லேத்துப் பட்டறைக்காரர். முன்னால் தள்ளினால் பிரேக், தன் பக்கம் இழுத்தால் வேகம். அவள் கட்டைவிரலில் பலம் குறைவு என்று பார்த்துப் பார்த்துத் தேய்த்து, வாரா வாரம் அவளைப் பட்டறையில் உட்கார்த்திவைத்துப் பிடித்துப் பார்க்கச் சொல்லி, திரும்பத் திரும்ப மாற்றிக் கொடுத்தார் மனுஷன். அதிகாரிகள் வந்து சோதித்து, ஓட்டிக் காட்டச் சொல்லி, அந்தக் கைப்பிடியையும் சேர்த்துத்தான் லைசென்ஸே கொடுத்தார்கள். அது கைக்கு வந்த வருஷமே அவள் தனியாகத் தரைத்தளத்தில் ஒரு அறை பார்த்துக்கொண்டு போய்விட்டாள். கதவின் தாழ்ப்பாளை அவள் உட்கார்ந்த உயரத்துக்கு இறக்கி அடித்திருந்தாள். அண்ணி சமையல் பாத்திரங்களைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். அண்ணன் கொஞ்ச நாள் பேசவில்லை. பேச ஆரம்பித்த பிறகு போன் பண்ணும்போதெல்லாம், "எதுக்கும்மா இந்த வம்பு? வந்துரு. நான் இருக்கேன்ல" என்பான்.

அவள் போகவில்லை. லீவு நாட்களில் காரை எடுத்துக்கொண்டு ஒரு வேலையும் இல்லாமல் ஊரைச் சுற்றுவாள். எங்கேயும் இறங்க மாட்டாள். சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டிக்காரன் அவசரப்பட்டு ஹாரன் அடித்தால் அதுகூட அவளுக்குப் பிடிக்கும். எல்லாரையும் திட்டுவது போல அவளையும் திட்டுகிறான் அல்லவா.

அப்படி இருக்கும்போதுதான் கார் கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. பிரேக்கில் ஒரு பாகத்தில் பழுது இருக்கலாம், கொண்டுவந்தால் இலவசமாக மாற்றித் தருகிறோம் என்றார்கள். காலையில் அவளே ஓட்டிக்கொண்டு வந்தாள். கழுத்தில் டையும் கையில் டேப்லெட்டுமாக ஓடிவந்த சர்வீஸ் அட்வைசரிடம் கைப்பிடியைக் காட்டி, "இது இல்லாம என்னால ஓட்ட முடியாது தம்பி. கைய வைக்கிறவங்ககிட்ட சொல்லிருங்க" என்றாள்.

"ஷூர் மேடம். நோட் பண்ணிட்டேன்." அவன் டேப்லெட்டில் எதையோ தட்டினான். என்ன தட்டினானோ. "அப்புறம் மேடம், சாயங்காலம் கம்பெனியில இருந்து ஒரு போன் வரும். சர்வீஸுக்குப் பத்துக்கு எத்தனை மார்க்குன்னு கேப்பாங்க. பத்துன்னு சொல்லிருங்க. எட்டு, ஏழுன்னு சொன்னா எங்கள ஃபெயில் பண்ணிருவாங்க."

"மொதல்ல வேலைய முடிங்க, பாக்கலாம்."

அன்றைக்கு அந்த ஷோரூமில் வேறொரு விசேஷம் நடந்துகொண்டிருந்தது அவளுக்கு எப்படித் தெரியும்? கம்பெனி தலைமையிலிருந்து சோதனைக்கு ஆட்கள் வந்திருந்தார்கள். பூந்தொட்டிகளின் இலைகளைக்கூடத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். வேலை நடக்கும் கொட்டகையில் எந்த வண்டியிலாவது பிரேக்கைத் தொட்டுக்கொண்டு வெளி ஆள் செய்த சாமான் இருந்தால் ஷோரூமுக்கு மார்க் குறையும். மார்க் குறைந்தால் மேனேஜருக்குத் தலைவலி. அங்கே எல்லாருமே யாரோ ஒருவரிடம் பத்துக்குப் பத்து வாங்கத்தான் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் காரை முன்வாசல் கூரைக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தினார்கள். கழுவித் துடைத்து, உள்ளே மணக்க எதையோ தெளித்து, கண்ணாடி போல வைத்திருந்தார்கள். அவள் நாற்காலியிலிருந்து தன் கைகளை ஊன்றி டிரைவர் சீட்டுக்கு மாறிக்கொண்டாள். வாட்ச்மேன் நாற்காலியை மடக்கிப் பின்னால் வைத்துக் கதவைச் சாத்தினார். ஒரு கையால் சாவியைத் திருகினாள். இன்னொரு கை பழக்கத்தில் ஸ்டியரிங்குக்குக் கீழே போனது.

அங்கே ஒன்றும் இல்லை.

கை கொஞ்ச நேரம் தானாகவே இன்னும் கீழே, இன்னும் உள்ளே என்று தேடியது. குனிந்து பார்த்தாள். கைப்பிடி இருந்த இடத்தில் சுத்தமாகத் துடைத்த பிளாஸ்டிக்தான் இருந்தது. அதற்கும் கீழே பளபளவென்று இரண்டு பெடல்கள், அவளுக்கு எந்தக் காலத்திலும் உதவாத இரண்டு பெடல்கள். இன்ஜினை அணைத்தாள்.

பின்னால் இன்னொரு கார் வந்து நின்றது. பட்டுத்துணி போர்த்தி, பெரிய ரிப்பன் கட்டிய புதுக் கார். அதை வாங்க வந்த குடும்பம் படியில் நின்று போட்டோவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தது. மைக் வைத்திருந்த ஊழியர் ஒருவர் அவள் ஜன்னலைத் தட்டினார்.

"மேடம், வண்டியக் கொஞ்சம் முன்னாடி எடுத்துக்கங்க. இங்க டெலிவரி இருக்கு."

"எடுக்க முடியாது."

"கொஞ்சமா எடுத்தாப் போதும் மேடம்."

"கொஞ்சமாகூட முடியாது. அட்வைசரக் கூப்பிடுங்க."

அட்வைசர் வந்தான். கைப்பிடி எங்கே என்று கேட்டதும் டேப்லெட்டைத் தடவினான். அதில் விடை இருக்கிறது போலவும் அது மேலே வர நேரமாகிறது போலவும் தடவிக்கொண்டே இருந்தான்.

"அது கம்பெனி ஃபிட்டிங் இல்லையே மேடம். பிரேக் பார்ட்ட மாத்தும்போது வெளி சாமான் இருக்கக் கூடாதுன்னு ரூல். உங்க சேஃப்டிக்காகத்தான் ரிமூவ் பண்ணியிருக்காங்க."

"என் சேஃப்டிக்கா? நான் இப்ப எப்படி வீட்டுக்குப் போறது?"

"வொர்க்‌ஷாப்ல கேட்டுச் சொல்றேன் மேடம்."

போனவன் திரும்பி வரவில்லை. வரவேற்பு மேஜைப் பெண் வந்து, அது பாடி செக்‌ஷன் சமாச்சாரம் என்றாள். பாடி செக்‌ஷன்காரர் வந்து, அது மெக்கானிக்கல் என்றார். மெக்கானிக்கல் சூப்பர்வைசர் வரவே இல்லை, மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்லி அனுப்பினார். தெரியாதவர்களுக்கு இது குழப்பமாகத் தெரியும். அவளுக்கு இது அன்றாடம் பார்க்கிற வேலை. யாருடைய தலையிலும் விழாமல் ஒரு அழைப்பை எப்படிப் பந்தாடுவது என்று அவளுக்குத் தெரியும். இதே மாதிரி வார்டு வார்டாகத் தூக்கியடிக்கப்பட்டுக் கடைசியில் மறுபடி ஜீரோவுக்கே வந்து சேர்ந்த குரல்களை அவள் எத்தனையோ கேட்டிருக்கிறாள். அந்தக் குரல்கள் எல்லாம் ஏன் அப்படிக் கீச்சிட்டன என்பது இன்றைக்குத்தான் தொண்டைக்குப் புரிந்தது.

"மேடம், நாங்களே தள்ளிக்கிறோம்" என்றார் மைக் வைத்திருந்தவர்.

அவள் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் ஜன்னல் வழியாக ஒரு கை நுழைந்து கியரை விடுவித்தது, பின்னால் நான்கைந்து கைகள் பட்டன. அவள் உள்ளே உட்கார்ந்திருக்கும்போதே கார் நகர்ந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, பிரேக் இல்லாமல், யாரோ தள்ளிய பக்கம் போனாள். கூரையைத் தாண்டி, வண்டி கழுவும் இடத்துக்குப் பக்கத்தில், தண்ணீர் தேங்கிய ஓரத்தில் கொண்டுபோய் விட்டார்கள். பின்னால் போர்வையை இழுத்தார்கள், கை தட்டினார்கள், கேக் வெட்டினார்கள். கல்யாண வீட்டில் பழைய நாற்காலியை ஓரங்கட்டுவது போல அவளை ஓரங்கட்டிவிட்டு எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். அவளுக்குக் கண்ணீர் வந்தது. அழக் கூடாது என்று நினைக்க நினைக்க அதிகமாக வந்தது.

மேனேஜர் வந்தார். மெதுவாகப் பேசுகிற ஆள். இரண்டு கையையும் கோத்துக்கொண்டு குனிந்து நின்றார்.

"மேடம், ஒரு சின்ன கம்யூனிகேஷன் கேப். ரொம்ப வருத்தப்படுறோம். டிரைவர் குடுத்து உங்கள வீட்ல பத்திரமா விட்டுடறோம்."

"நாளைக்கு?"

"நாளைக்கும் வேணும்னா அனுப்புறோம்."

"நாளான்னைக்கு? அடுத்த மாசம்?"

அவள் கண்ணாடிச் சுவருக்கு உள்ளே தெரிந்த கூடத்தைக் காட்டினாள். "அங்க பாருங்க. காப்பி மெஷினுக்கு மேல. என் கையில என்ன இருக்குன்னு பாருங்க. அதக் காட்டித்தான நீங்க பெருமையடிச்சுக்கிட்டீங்க?"

அவர் நிஜமாகவே திரும்பிப் பார்த்தார். முதல் தடவையாகப் பார்க்கிறார் என்று தெரிந்தது.

"அது முன்னாடி இருந்த மேனேஜர் வெச்சது மேடம்."

சிரிப்பதா, அழுவதா? அவள் டிரைவர் வேண்டாம் என்றாள். இன்றைக்கு வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டால் கதை முடிந்தது, கைகழுவிவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். "கைப்பிடியக் கொண்டுவந்து மாட்டுங்க. அதுவரைக்கும் நான் எறங்க மாட்டேன்." மேனேஜர் தலையாட்டிவிட்டுப் போனார். தலையாட்டுவதற்கு அங்கே குறைச்சலே இல்லை.

வெகுநேரம் கழித்து, கழுவுமிடத்துப் பக்கமிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். வேலை உடுப்பெல்லாம் எண்ணெய்க் கறை. கையில் ஒரு துணி மூட்டை. ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து கொஞ்சம் தயங்கினார்.

"நான்தாங்க எடுத்தேன்" என்றார்.

காலையிலிருந்து அங்கே 'நான்' என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். மற்ற எல்லாரும் நாங்கள், கம்பெனி, ரூல் என்றே பேசினார்கள்.

"இது என்னன்னு சூப்பர்வைசர்ட்ட கேட்டேன். ஆடிட் ஆளுங்க வந்துட்டாங்க, சட்டுனு எடுன்னாரு. நட்டு கழலவே இல்லீங்க, துரு ஏறியிருந்துச்சு. அதனால..."

மூட்டையைப் பிரித்தார். அவளுடைய கைப்பிடி உள்ளே இருந்தது, இரண்டு துண்டாக. அறுத்த இடம் புதுசாக மின்னியது. கட்டைவிரலுக்காகத் தேய்த்த குழி மட்டும் அப்படியே இருந்தது.

"ஒட்ட முடியாதா?" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

அவர் தலையை அசைத்தார். "ஒட்டலாம். ஒட்டினா நிக்கும், ஆனா பிரேக் விஷயத்துல ஒட்டு வேலைய நம்பி உங்கள ரோட்ல விட நான் தயாரில்லீங்க. புதுசாத்தான் செய்யணும். இதச் செஞ்சவரு யாருன்னு சொன்னீங்கன்னா..."

"அவர் இல்லைங்க. போன வருஷம் போய்ச் சேந்துட்டாரு."

மெக்கானிக் துண்டுகளை அவள் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர்மேல் கோபப்பட முடியவில்லை. கோபத்துக்கு ஆள் கிடைக்காதது எல்லாவற்றையும்விடக் கொடுமையாக இருந்தது.

மடியில் இரும்பு கனத்தது. இனி என்ன ஆகும் என்று அவளுக்குப் படம் போட்டது போலத் தெரிந்தது. ஆஸ்பத்திரி டெலிபோன் அறையை ஊருக்கு வெளியே புதுக் கட்டடத்துக்கு மாற்றி வருஷமாகிறது. பஸ்ஸில் அவளால் ஏற முடியாது. தினமும் டாக்ஸி என்றால் சம்பளம் அதற்கே காணாது. புதுக் கைப்பிடிக்கு ஆள் தேட வேண்டும், அவர் செய்ய வேண்டும், அதிகாரிகள் பார்க்க வேண்டும், மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். அத்தனை மாதம் லீவு யார் தருவார்கள்? வேலை போகும். வேலை போனால் அறை போகும். தாழ்ப்பாளை இறக்கி அடித்த கதவு வேறு யாருக்கோ போகும். அதற்குப் பிறகு அண்ணன் வீட்டு மாடிதான். அவன் தூக்கிக்கொண்டு போய் உட்கார்த்துகிற இடத்தில், அவன் வந்து தூக்குகிறவரை உட்கார்ந்திருக்க வேண்டும். சாகிறவரைக்கும்.

இருட்டத் தொடங்கியிருந்தது. அவளுக்குள் ஏதோ ஒன்று போதும் என்று உட்கார்ந்துவிட்டது. போனை எடுத்து அண்ணனுக்குப் பேசினாள். "அண்ணா, வந்து என்னக் கூட்டிட்டுப் போ" என்றாள். தனியாகப் போன இத்தனை வருஷத்தில் அவள் அதைச் சொன்னதே இல்லை. "எங்க இருக்க?" என்று கேட்டான்.

டாக்ஸியில் வந்து இறங்கினான். அவளுடைய முகத்தைப் பார்த்தான், மடியில் இருந்த துண்டுகளைப் பார்த்தான். 'அப்பவே சொன்னேன்ல' என்று அவன் சொல்லாமல் இருந்ததே பெரிய உபகாரம்.

"கெடக்கட்டும் விடு. வா, நம்ம வீட்டுக்குப் போலாம்."

பின்னால் மடக்கி வைத்த நாற்காலி ஒன்று இருக்கிறதே என்று அவனுக்குத் தோன்றவில்லை. அண்ணனுக்கு அது ஒரு நாளும் தோன்றியதில்லை. கதவைத் திறந்து, பழைய மாதிரியே ஒரு கையை முதுகுக்குப் பின்னாலும் ஒரு கையைத் தொடைக்கு அடியிலும் கொடுத்தான். அவளும் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கைகளுக்கு அது மறந்திருக்கவே இல்லை. அவன் சட்டையில் அதே அச்சு மை வாசனை. கண்ணை மூடிக்கொண்டாள்.

சீட்டிலிருந்து பாதி உயர்ந்தாள். அவ்வளவுதான். அவன் தொண்டையிலிருந்து ஒரு முனகல் வந்தது. முழங்கால் மடங்கியது. அவள் சீட்டின் விளிம்பில் இடுப்பு இடிபட மறுபடி உள்ளே விழுந்தாள். மடியிலிருந்த இரும்பு சரிந்து தரையில் ஓசையோடு உருண்டது. அண்ணன் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, மெல்ல, அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டான். மூச்சு வாங்கியது.

"அண்ணா?"

"ஒண்ணுமில்ல. கால் வழுக்கிருச்சு."

வழுக்கவில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவன் நெற்றியெல்லாம் வியர்வை. தலைமுடி முழுக்க நரைத்திருந்ததை அவள் அப்போதுதான் மேலே இருந்து பார்த்தாள். எப்போதும் அவள் அவனைப் பார்த்தது கீழே இருந்துதான், இல்லாவிட்டால் தோள் உயரத்திலிருந்து.

"பிரஸ்ல கட்டு தூக்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க" என்றான் தரையைப் பார்த்துக்கொண்டே. "முதுகு போயிருச்சு. பைண்டிங் பக்கம் உக்காத்தி வெச்சிருக்காங்க. போன வருஷமே. உங்கிட்ட சொல்லல."

"அப்புறம் ஏன் வந்துரு வந்துருன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்த? மாடிப்படி வேற இருக்கே அங்க."

அண்ணன் சட்டை நுனியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"நீ வரமாட்டேன்னு தெரியும்மா. அந்த தைரியத்துலதான் கூப்பிட்டேன்."

அவளுக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது, தரையே இல்லாத மாதிரி ஒரு பயம். அதோடு, இத்தனை வருஷம் அவனைத் தூக்கவைத்துவிட்டோமே என்ற துக்கமும் சேர்ந்து வந்தது. கையை நீட்டி அவன் தலையில் வைத்தாள். இரண்டு பேரும் அழுதார்கள், சத்தம் வராமல். கழுவுமிடத்துக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

பிறகு அவன் எழுந்து, காரைச் சுற்றி வந்து, பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினான். டாக்ஸிக்காரரை ஜன்னல் வழியாகவே கையசைத்துப் போகச் சொன்னான். "நானும் எறங்கப் போறதில்ல" என்றான். "உனக்கு நான் இல்ல இனிமே. இந்த வண்டிதான். அத இவனுங்க குடுத்தே ஆகணும்."

அப்போதுதான் போன் அடித்தது. புது நம்பர். முதலில் கொஞ்சம் இசை, அப்புறம் ஒரு பெண் குரல். இளம் குரல், நாள் முழுக்கப் பேசிக் களைத்த குரல்.

"வணக்கம் மேடம். உங்க வண்டியை இன்னைக்கு சர்வீஸ் முடிச்சு டெலிவரி எடுத்திருக்கீங்க. இன்னைய அனுபவத்துக்குப் பத்துக்கு எத்தனை மார்க் குடுப்பீங்க?"

வண்டி டெலிவரி எடுத்தாகிவிட்டதாம். கழுவுமிடத்து ஓரத்தில் இருட்டில் உட்கார்ந்திருப்பவளுக்கு அது செய்தியாக இருந்தது.

"ஜீரோ உண்டா?"

"இல்ல மேடம். ஒண்ணுல இருந்துதான்."

அவள் நடந்ததைச் சொன்னாள். கத்தாமல், ஆஸ்பத்திரியில் பேசுகிற அதே குரலில், ஆரம்பத்திலிருந்து மடியில் வந்து விழுந்த இரண்டு துண்டு வரைக்கும். அந்தப் பெண் குறுக்கிடவில்லை. முடிந்ததும், "மேடம்... எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு. ஆனா நான் நம்பர் மட்டும்தான் போட முடியும்" என்றாள்.

"தெரியும்மா. நானும் போன் வேலைதான் பாக்குறேன். உங்க மேல எனக்குக் கோபமே இல்ல. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நான் நம்பர் சொல்லாத வரைக்கும் உங்களால இந்த லைன கட் பண்ண முடியாது. சரியா?"

அந்தப் பெண்ணுக்குப் பின்னால் இன்னும் பல பெண்கள் இன்னும் பலரிடம் பத்துக்கு எத்தனை என்று கேட்கும் இரைச்சல் வந்தது.

"முடியாது மேடம். கஸ்டமர்தான் வெக்கணும்."

"அப்போ நான் வெக்க மாட்டேன். நம்பரும் சொல்ல மாட்டேன். உங்க சூப்பர்வைசரக் கூப்பிடுங்க. அவங்களால முடியாதுன்னா அவங்களுக்கு மேல இருக்கறவங்கள அவங்க கூப்பிடட்டும். இந்தக் கைப்பிடிய யார் செஞ்சு குடுக்க முடியுமோ, அதுவரைக்கும் என் வேலைக்கு யார் பதில் சொல்லுவாங்களோ, அவங்க குரல் வர்ற வரைக்கும் நான் இருக்கேன். எவ்வளவு நேரமானாலும் இருக்கேன்."

"மேடம், ஒரு நிமிஷம்... லைன்ல இருங்க."

இசை ஆரம்பித்தது. எத்தனையோ பேரை அவள் இதே வார்த்தை சொல்லி இதே மாதிரி இசைக்குள் விட்டிருக்கிறாள். போனை ஸ்டியரிங்குக்கு முன்னால் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள்.

"யாரும்மா?" என்றான் அண்ணன்.

"கம்பெனி. எனக்குத் திருப்தியான்னு கேக்குறாங்க."

அவன் போனை எட்டிப் பார்த்தான். "சார்ஜ் கொஞ்சம்தான் இருக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே டாஷ்போர்டின் அறையைத் திறந்து துழாவி, ஒயரைக் கண்டுபிடித்து, ஒரு முனையைக் காரிலும் இன்னொரு முனையைப் போனிலும் செருகினான். முனை சரியாக உட்கார்ந்ததா என்று இரண்டு தடவை அழுத்திப் பார்த்தான். அவளைத் தூக்க முடியாத கை, அதையாவது ஒழுங்காகச் செய்துவிட வேண்டும் என்று பார்த்தது.

வாட்ச்மேன் சங்கிலியோடு வந்தார். "கேட்டப் பூட்டணுங்க" என்றார் சங்கடமாக.

"பூட்டிக்கங்க" என்றான் அண்ணன்.

ஷோரூமில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கூடத்தில் காப்பி மெஷினுக்கு மேலே ஒரு விளக்கை மட்டும் விட்டுவைத்தார்கள். அந்த வெளிச்சத்தில் அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். இசை நடுவில் நின்றது. வேறொரு குரல் வந்தது, கொஞ்சம் வயதான ஆண் குரல், யாரோ அவசரமாக விஷயத்தைச் சொல்லிப் போனைக் கையில் கொடுத்தது போல.

"ஹலோ? மேடம், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றாள் அவள். "எங்க போகப் போறேன்."